மாசமாக இருக்கையில் பல்வலி

கர்ப்பிணிக்கு வரும் பல் அவசரங்கள் நான்கு வகைக்குள் அடங்கும்: தூங்கவிடாத வலி, கன்னத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம், நிற்காத ரத்தக்கசிவு, விழுந்து அடிபட்ட பல். மற்றதெல்லாம் காத்திருக்கலாம். பல்லை வெண்மையாக்குவது, கம்பி கட்டுவது, வலியில்லாத பழைய வேர்த்துண்டை எடுப்பது, கேப் மாட்டுவது ஆகியவற்றைக் குழந்தை பிறந்தபின் வைத்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை. முதலில் சொன்ன நான்கும் அப்படியல்ல. காவிரிக் கரையில், பரமத்தி வேலூர் வட்டத்தில் இருக்கும் ஜேடர்பாளையம் போன்ற ஊரில் பல் மருத்துவம் பார்ப்பவரின் காதில் அடிக்கடி விழும் வாக்கியம், "பிரசவம் முடியட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்பது. மாமியார் சொல்வார், கணவர் சொல்வார், சில சமயம் வேறொரு பல் மருத்துவரே சொல்லி அனுப்பியிருப்பார். இந்தத் தொழிலில் கைமீறிப் போனவற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், வைத்தியம் செய்ததால் கெட்டது அரிது. தள்ளிப்போட்டதால் கெட்டதே அதிகம்.

கர்ப்பம் பல்லைத் தின்பதில்லை. குழந்தைக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து தாயின் பல்லிலிருந்து இறங்குகிறது, அதனால் பிள்ளைக்கொரு பல் போகும் என்ற நம்பிக்கை கொங்குப் பக்கத்தில் மட்டுமல்ல, உலகின் பல மூலைகளிலும் உண்டு. சுண்ணாம்புச்சத்து உணவிலிருந்து போகும். அது போதாவிட்டால் எலும்பிலிருந்து போகும். முளைத்து முடிந்த பல்லின் எனாமலிலிருந்து ரத்தத்துக்குத் திரும்பிப்போக வழியே கிடையாது. பல் கெடுவதற்குக் காரணங்கள் வேறு. மசக்கையில் ஓயாமல் எடுக்கும் வாந்தியின் அமிலம் எனாமலை மென்மையாக்குகிறது. பேஸ்ட் வாசனையே குமட்டுவதால் பல் துலக்குவது பேருக்கு நடக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடு ஆறேழு சிறு தீனியாகப் பிரிந்துவிடுகிறது.

இந்தக் கடைசிக் காரணத்துக்கு இவ்வூரில் தனி நிறம் உண்டு. ஜேடர்பாளையம், சோழசிராமணி, பிலிக்கல்பாளையம் வட்டாரம் வெல்லத்துக்குப் பேர்போனது. பிலிக்கல்பாளையத்தில் வெல்லச் சந்தையே கூடுகிறது. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று நர்சம்மா சொன்னால் வீட்டில் கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் உருளத் தொடங்கும். அறிவுரையில் குற்றமில்லை. ஆனால் உருண்டை கடவாய்ப்பல் குழிக்குள் அப்பிக்கொண்டு அரை நாள் இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துத் தின்று வாய் கொப்பளித்தால் பாதிக் கேடு குறையும். வாந்தி எடுத்த உடனே பல் துலக்குவதும் தவறு, ஏனென்றால் மென்மையான எனாமலை பிரஷ் தேய்த்தெடுக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குவதே முறை. சாம்பல், பச்சரிசி, பலப்பம் என்று வாய் கேட்பதையெல்லாம் மென்று பல்லின் மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டு வருவோரும் உண்டு. அவர்களைப் பல்லுக்காகப் பார்ப்பதோடு ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த ஆசைக்குப் பின்னால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும்.

ஈறு தனிக் கதை. புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் கூடும்போது ஈறின் சிறு ரத்தக்குழாய்கள் விரிந்து கசிகின்றன. அந்தச் சூழலில் பிரிவோடெல்லா இன்டர்மீடியா போன்ற கிருமிகள் செழிக்கின்றன. கர்ப்பிணிகளில் 60 முதல் 75 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சி இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறிப்பிடுகிறது. ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்துவதால் அழற்சி கூடுகிறது, ரத்தமும் கூடுகிறது. இதனோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. கடைசிக் கடவாய்ப்பல், அதாவது ஞானப்பல், 17 முதல் 25 வயதுக்குள் முட்டிக்கொண்டு வரும். இந்தப் பக்கத்துப் பெண்களில் பலருக்குத் தலைச்சன் பிள்ளை வரும் வயதும் அதுவே.

வலியின் வரலாற்றைக் கேட்டறிவதில் பாதி நோயறிதல் முடிந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுத்து உடனே அடங்குவது தொடக்கநிலை. பகலில் சும்மா இருந்துவிட்டு இரவு படுத்ததும் தெறிப்பது அடுத்த நிலை. படுக்கும்போது தலைக்கு ரத்த அழுத்தம் கூடி, விரிய இடமில்லாத பற்கூழ் அழுந்துகிறது. இன்னும் முற்றினால் நிலைமை தலைகீழாகும். சூடு பட்டால் வலிக்கும், குளிர்ந்த தண்ணீர் வாயில் இருக்கும்வரை வலி அடங்கும். பாட்டிலில் தண்ணீரை வைத்துக்கொண்டு வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியபடியே ஒரு பெண் படியேறினால், எக்ஸ்ரே எடுக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும்: பற்கூழ் சாகும் தறுவாயில் இருக்கிறது. அதற்கடுத்த நிலைதான் எல்லோரையும் ஏமாற்றுவது. கூழ் செத்ததும் வலி நின்றுவிடும். "கடவுள் புண்ணியத்துல சரியாயிருச்சுங்க" என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். சில வாரங்கள், சில மாதங்கள் கழித்து வேர் நுனியில் சீழ் கட்டும். நான்காம் மாதத்தில் நின்ற வலி எட்டாம் மாதத்தில் வீக்கமாகத் திரும்பும். எளிதில் முடிந்திருக்கக்கூடிய வேலை, கடினமான மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கும்.

பல் மருத்துவரிடம் வருவதற்கு முன் பெரும்பாலோர் வேறு வாசல்களில் ஏறி இறங்கியிருப்பார்கள். கிராம்பை மென்று வைப்பது பெரிய தீங்கில்லை. ஆனால் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து இரவு முழுக்க வைத்தால் ஈறு வெந்து வெள்ளையாகும். எருக்கம்பாலைச் சொத்தையில் விடுவது அதைவிட மோசம். உதடும் ஈறும் புண்ணாகி எது பல்வலி, எது பால் செய்த காயம் என்று பிரிக்க முடியாமல் போகிறது. கண்டங்கத்திரி விதைப் புகையில் புழு விழுந்ததாகச் சொல்வோர் இன்னும் உண்டு. பல்லில் புழு இல்லை.

இந்த வைத்தியங்களைவிட அதிகக் கவலை தருவது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை. "பல்வலிக்கு ஒரு செட்" என்று கேட்டால் காகிதத்தில் மடித்துத் தரும் மூன்று நான்கு மாத்திரைகளில் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ கட்டாயம் இருக்கும். சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். வாங்க வருபவர் கணவராகவோ மாமனாராகவோ இருப்பதால், யாருக்கு என்ற கேள்வி எழுவதில்லை. ஆகவே விசாரணையில் முதல் கேள்வி வலியைப் பற்றியதாக இருந்தால், இரண்டாவது கேள்வி என்ன விழுங்கினார்கள் என்பதாக இருக்க வேண்டும். காகித மடிப்பையே கொண்டுவரச் சொல்வது நல்லது.

கர்ப்பிணியின் தாய் சேய் நல அட்டை பல் மருத்துவருக்குக் கிடைக்கும் பெரிய உதவி. தமிழ்நாட்டில் பதிவு செய்த ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எனப்படும் பதிவு எண் இருக்கிறது; முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அந்த எண் வழியாகத்தான் வருகிறது என்பதால் அட்டையைத் தொலைப்பவர் குறைவு. கடைசி மாதவிலக்குத் தேதி, எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சர்க்கரைக் கட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் முயற்சியால் 2007-லேயே தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சீழ் இருந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் சீழ் ஆறாது. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டினால் மகப்பேறு மருத்துவரோடு பேசிவிட்டே தொட வேண்டும். 160/110 என்றால் பல்லை மறந்துவிட்டு முதலில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொரு கேள்வியும் அண்மைக் காலத்தில் சேர்ந்திருக்கிறது: கரு எப்படித் தரித்தது? ஈரோட்டிலும் சேலத்திலும் கருத்தரிப்பு மையங்கள் பெருகியபின், பல வருடங்கள் காத்திருந்து ஊசிகள் போட்டுக் கருவுற்ற பெண்கள் பல்வலியோடு வருகிறார்கள். அவர்களில் சிலர் ஹெப்பாரின் ஊசியும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பல்லைப் பிடுங்கியபின் ரத்தம் நிற்காதபோது இது தெரியவருவதைவிட, முன்பே தெரிந்து ஊசி நேரத்தை மகப்பேறு மருத்துவரிடம் பேசி அமைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். இந்த வீடுகளில் அச்சம் பலமடங்கு. பேச்சுக்கு ஒதுக்கும் நேரமும் அதற்கேற்றபடி கூட வேண்டும்.

எந்த மாதத்தில் என்ன செய்யலாம் என்பதில் நூல்கள் ஒரே குரலில் பேசுகின்றன. கருவின் உறுப்புகள் உருவாவது முதல் மூன்று மாதங்களில். நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்கள் வேலைக்கு ஏற்றவை. கடைசி மூன்று மாதங்களில் படுக்கவைப்பதே சிரமம். இது காத்திருக்கக்கூடிய வேலைக்கான கணக்கு. அவசரத்துக்கு மாதம் கிடையாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2013-இல் வெளியிட்ட கருத்துரையும் இதையே சொல்கிறது. முதல் மூன்று மாதங்களில் பல் மருத்துவர்கள் தயங்குவதற்கு உண்மையான காரணம் மருத்துவம் சார்ந்ததல்ல. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து எக்காரணமும் சொல்ல முடியாமல் கலைகின்றன. அவற்றில் பெரும்பகுதி அந்த மாதங்களிலேயே. திங்கட்கிழமை பல் பிடுங்கி வியாழக்கிழமை கரு கலைந்தால் ஊர் இரண்டையும் முடிச்சுப்போடும். சிற்றூரில் தொழில் செய்பவருக்கு அந்த முடிச்சு அவிழாது. இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு மருந்து, வேலைக்கு முன்பே இந்தக் கணக்கைக் கணவனிடமும் மனைவியிடமும் நேராகச் சொல்லிவிடுவது, நோயாளியை அனுப்பிவிடுவதல்ல.

ஆதாரமும் தைரியம் தருவதாகவே இருக்கிறது. அமெரிக்காவில் மிக்கலோவிச் குழுவினர் 823 கர்ப்பிணிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 21 வாரத்துக்குள் ஈறு சிகிச்சையும் மறு பிரிவுக்குப் பிரசவத்துக்குப் பின்னும் செய்து, முடிவை 2006-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஈறு சிகிச்சை குறைப்பிரசவத்தைக் குறைக்கவில்லை, ஆனால் கூட்டவும் இல்லை. 2015-இல் இஸ்ரேலில் இருந்து வந்த ஆய்வு, பல் சிகிச்சைக்காக மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு அதிகமில்லை என்று கண்டது.

நாற்காலியில் உட்காரவைப்பதிலேயே கவனம் தொடங்குகிறது. இருபது வாரத்துக்குப் பின் மல்லாக்கப் படுத்தால் கனத்த கருப்பை, கீழ்ப் பெருஞ்சிரையை முதுகெலும்போடு அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, தலைசுற்றல், குமட்டல், வியர்வை, முகவெளிறல் எல்லாம் சில நிமிடங்களில் வரும். ஊசிக்குப் பயந்து மயங்குகிறார் என்று தவறாக எண்ணி நாற்காலியை இன்னும் சாய்ப்பது பழக்கமில்லாதவர் செய்வது. செய்ய வேண்டியது இடப்பக்கம் திருப்புவது. வலது இடுப்புக்கு அடியில் மடித்த துண்டோ சிறு தலையணையோ வைத்து உடலை 15 பாகையளவு இடம் சாய்த்து, தலையைச் சற்றே உயர்த்திவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. காலை எழுந்ததும் வாந்தி எடுப்பவரைப் பதினொரு மணிக்கு மேல் வரச்சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு உட்காரவைக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க இடையில் எழுந்துபோக விட வேண்டும்.

எக்ஸ்ரே என்றதும் வீட்டார் எழுந்து நிற்பார்கள். ஒரு பல்லுக்கான சிறு படத்தில் உடலுக்குச் சேரும் கதிர், ஓரிரு நாள் இயற்கையிலிருந்து தானே வந்துசேரும் அளவுக்குள் அடங்கும். கதிர் செல்வது தாடையை நோக்கி. கருப்பையை எட்டுவது அளக்கக் கடினமான துளி. கருவுக்குக் கவலைப்பட வேண்டிய அளவாகச் சொல்லப்படும் 50 மில்லிகிரேயோடு இதை ஒப்பிடவே முடியாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல், கர்ப்பிணி உட்பட யாருக்கும் ஈய ஏப்ரன் தேவையில்லை என்று அறிவித்துவிட்டது. இங்கே அதைக் கழற்றிவைக்க இன்னும் காலம் ஆகும். ஏப்ரன் இப்போது கதிரைத் தடுப்பதைவிட, மாமியாரைச் சமாதானப்படுத்துகிறது. அதுவும் ஒரு பயன்தான்.

ஊசி மருந்தில் லிக்னோகெயின் இரண்டு விழுக்காடு, அட்ரினலின் கலந்தது, முதல் தேர்வு. கீழ்த்தாடையை மரக்கவைக்க 2 மில்லி போதும். அதில் இருப்பது 40 மில்லிகிராம் லிக்னோகெயின். 50 கிலோ எடையுள்ளவருக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 7 மில்லிகிராம் வீதம் 350. அட்ரினலின் 80,000-க்கு ஒன்று என்ற கலவையில் 2 மில்லியில் 25 மைக்ரோகிராம் மட்டுமே இருக்கிறது. தாங்க முடியாத வலியில் உடலே சுரக்கும் அட்ரினலின் இதைவிட அதிகம் என்பதால், அட்ரினலின் இல்லாத மருந்தைப் போட்டுப் பாதி மரத்த பல்லில் வேலை செய்வது கர்ப்பிணிக்குச் செய்யும் உபகாரமல்ல. ரத்தக்குழாய்க்குள் போகாதபடி ஊசியைப் பின்னிழுத்துப் பார்த்து மெதுவாகச் செலுத்துவதே முக்கியம். பிரைலோகெயினையும், ஃபெலிபிரெசின் கலந்த மருந்தையும் தவிர்ப்பது வழக்கம்.

மரத்தபின் செய்வது ஒன்றே: கிருமியின் ஊற்றை அடைப்பது. மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்புவது வைத்தியமல்ல, தவணை. பல் காப்பாற்றத்தக்கதாக இருந்தால் மேலிருந்து திறந்து, அழுகும் கூழை எடுத்து, கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்துத் தற்காலிக அடைப்புப் போட்டுவிட்டால், அரை மணி நேரத்தில் வந்தவர் வேறு ஆளாக எழுந்து போவார். முழு வேர் சிகிச்சையையும் அன்றே முடிக்க வேண்டியதில்லை. கூழ் ஏற்கெனவே செத்துச் சீழ் கட்டியிருந்தால், திறந்ததும் சீழ் பல்வழியாகவே வடியும். ஈறில் மெத்தென்று தளும்பினால் சிறு கீறல் போட வேண்டும். குழிக்குள் அடைப்பதற்கு வெள்ளிப் பாதரசக் கலவையைத் தவிர்க்க வேண்டும். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022-இல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் 15 வயதுக்குக் குறைந்தோருக்கும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தன. கிளாஸ் அயனோமர் போதும்.

பல்லைப் பிடுங்குவதா, காப்பதா என்பதில் ஊர் நிலைமையும் பேசும். நான்கைந்து முறை வரச்சொல்லி, ஒவ்வொரு முறையும் சோழசிராமணிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து இருசக்கர வண்டியில் மேடுபள்ளத்தில் வர வேண்டிய எட்டாம் மாதப் பெண்ணுக்கு, வேர்வரை கரைந்த பல்லை ஒரே அமர்வில் எடுத்துவிடுவது நல்ல முடிவாக இருக்கலாம். நகரத்து நூல் வேறு சொல்லும். நல்ல எலும்பும் நல்ல சுவரும் உள்ள பல்லை, பிடுங்கச் சொல்லி வீட்டார் அவசரப்படுத்தினாலும், எடுக்கக் கூடாது. பிடுங்கியபின் பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்திருப்பது, துப்பாமல் இருப்பது, அன்று சூடாகச் சாப்பிடாமல் இருப்பது எல்லாம் மற்றவர்களுக்குச் சொல்வதேதான்.

ஞானப்பல்லின் மேல் மூடிய ஈறு வீங்கி வாய் திறக்க முடியாமல் வருபவர்க்கு அன்று பல்லைத் தொட வேண்டியதில்லை. ஈறு மடிப்புக்கு அடியில் உப்புநீரால் நன்றாகக் கழுவி, மேல்பல் அந்த ஈறைக் கடித்தால் அதன் முனையைத் தேய்த்துவிட்டால் இரண்டு நாளில் அடங்கும். இங்கே ஒரு பொறி உண்டு. பரமத்தி வேலூர் வெற்றிலைக்குப் பேர்போன ஊர். குமட்டலுக்கு நல்லது என்று வெற்றிலைப் பாக்கு போடப் பழகியவர்களும் வருவார்கள். நெடுங்காலம் பாக்கு மென்றவரின் கன்னச் சதை நார்போல் இறுகி வாய் திறக்காது. அதையும் கிருமியால் வரும் வாய்ப்பூட்டையும் விரலால் கன்னத்தைத் தடவிப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். பாக்கைக் கர்ப்ப காலத்தில் நிறுத்தச் சொல்வதும் அப்போதே நடக்கட்டும்.

மருந்துகளில் பாராசிட்டமால் எல்லா மாதத்துக்கும் பொருந்தும்: 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகள் கடைசி மூன்று மாதங்களில் கருவின் இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயை முன்கூட்டியே மூடச்செய்யலாம். 20 வாரத்துக்குப் பின் கருவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது. எனவே இந்தக் குடும்பத்தையே ஒதுக்கிவைப்பது சுலபம். கிருமிக்கு அமாக்சிசிலின் 500 மூன்று வேளை. பென்சிலின் ஒவ்வாதவருக்கு கிளிண்டமைசின் அல்லது அசித்ரோமைசின். மெட்ரோனிடசோலை முதல் மூன்று மாதங்களில் பலர் தவிர்க்கிறார்கள், அதன்பின் தேவைப்பட்டால் சேர்க்கலாம். டாக்சிசைக்ளின் குழந்தையின் பல்லைக் கறைபடுத்தும். பல்வலிக்கு வழக்கமாக எழுதப்படும் ஆஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் கலவையும் கர்ப்பிணிக்கு வேண்டாம். வாய் கொப்பளிக்கக் குளோர்ஹெக்சிடின் போதுமானது. போவிடோன் அயோடினைத் தினமும் பயன்படுத்துவது கருவின் தைராய்டுக்கு நல்லதல்ல.

வீக்கம் இவை எல்லாவற்றையும்விடத் தனி அக்கறை கேட்பது. கன்னத்தோடு நிற்கும் வீக்கத்தைச் சிற்றூர் மருத்துவமனையிலேயே வடித்துச் சமாளிக்கலாம். கீழ்க் கடவாய்ப்பல்லின் வேர் நுனி, நாக்குக்கு அடியில் தொட்டிலாய் அமைந்த தசைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து உடையும் சீழ் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கும். தாடைக்கு அடியில் இருபுறமும் பலகைபோல் இறுகி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்து, குரல் மாறி, முன்சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வாங்க முடிகிறது என்றால் அது ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்த நோய். கர்ப்பிணிக்கு இது இரட்டை ஆபத்து. அவருடைய மூச்சுப்பாதைச் சவ்வு ஏற்கெனவே உப்பியிருக்கிறது. நுரையீரலில் இருப்பு வைக்கும் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்க, ஆக்சிஜன் தேவையோ கூடியிருக்கிறது. காய்ச்சலும் கிருமியும் கருப்பையைச் சுருங்கத் தூண்டி வலியெடுக்கவைக்கலாம்.

இத்தகையவரைப் படுக்கவைக்கக் கூடாது, வாய்க்குள் கருவி விட்டு நீண்ட நேரம் ஆராயக் கூடாது. உட்கார்ந்தபடியே 108-இல் ஏற்ற வேண்டும். 2022-இல் தொடங்கிய நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி அருகில் இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத தொலைவு. எங்கே போனாலும் முகத்தாடை அறுவை மருத்துவர், மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்களா என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். மூவரில் ஒருவர் இல்லாத இடத்துக்கு அனுப்பினால், அங்கிருந்து மறுபடி அனுப்புவார்கள். மேல்வரிசைக் கோரைப்பல்லின் சீழ் கண்ணடி வரை ஏறி இமை மூடிக்கொண்டாலும் இதே வேகம் வேண்டும்.

ரத்தக்கசிவில் பெரும்பாலானது ஈறு அழற்சி, முறையாகச் சுத்தம் செய்தால் குறையும். இரண்டு பல்லுக்கு நடுவே செக்கச்செவேலென்று ஒரு சதைக்கட்டி வளர்ந்து, தொட்டாலே ரத்தம் கொட்டுவது தனிவகை. நான்கைந்தாம் மாதத்துக்குப் பின் தலைகாட்டும். பார்ப்பவர்கள் புற்றுநோய் என்று பதறுவார்கள். அது புற்றல்ல, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே சுருங்கும். காரை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுப் பொறுத்திருக்கலாம். சாப்பிடவிடாமல் கடிபட்டு ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் நடு மாதங்களில் வெட்டியெடுக்க வேண்டும். வெட்டினால் திரும்ப வளரும் வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்லியே செய்ய வேண்டும்.

விழுந்து அடிபட்டு வருபவரிடம் முதலில் பார்க்க வேண்டியது பல்லை அல்ல. சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கி வண்டியிலிருந்து விழுந்தவருக்கு வயிற்றில் அடியா, ரத்தப்போக்கா, குழந்தை அசைகிறதா என்று கேட்டு மகப்பேறு மருத்துவரிடம் காட்டியபின்பே வாய்க்கு வர வேண்டும். முழுதாகப் பெயர்ந்த பல்லை மேல்பகுதியைப் பிடித்தெடுத்து, வேரைத் தேய்க்காமல் குளிர்ந்த பாலில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் திரும்பப் பொருத்தலாம். மாடு இல்லாத வீடு குறைவான ஊரில் பாலுக்குப் பஞ்சமில்லை. பல்லை மண் போகத் தேய்த்துக் கழுவி மஞ்சள் தடவிக் கொண்டுவருவதுதான் வழக்கமாக நடக்கிறது.

கொங்குப் பக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கட்டுச்சோறு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். திறந்து மருந்து வைத்த பல்லும் அவளோடு போய்விடும். புகுந்த வீட்டுப் பக்கத்து மருத்துவர் தொடங்கியதை முடிக்க வேண்டியவர் ராசிபுரத்திலோ கரூரிலோ இருப்பார். எனவே எந்தப் பல், எந்தத் தேதி, என்ன மருந்து வைத்தது, எத்தனை வேர்க்குழாய், அடைப்பு எதுவரை தாங்கும் என்று நான்கு வரி எழுதி, தாய் சேய் நல அட்டைக்குள்ளேயே செருகிக்கொடுக்க வேண்டும். தனித்தாளாகக் கொடுத்தால் தொலையும். மகப்பேறு மருத்துவருக்கு எழுதும் கடிதமும் தெளிவாக இருக்க வேண்டும். "பல் சிகிச்சைக்குத் தகுதியா?" என்று கேட்டால் "பிரசவத்துக்குப் பின்" என்று பதில் வரும். "இந்தப் பல்லில் சீழ், இன்ன ஊசி இன்ன அளவு, இன்ன மருந்து, ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டால் அன்றே சம்மதம் வரும்.

பிரசவத்துக்குப் பின் என்பது எளிதான காலமும் அல்ல. பத்தியம், தூக்கமின்மை, கைக்குழந்தை, வெளியே போகக் கூடாத நாட்கள் என்று கழியும். தள்ளிவைத்த பல் அந்த மாதங்களிலும் தள்ளியே வைக்கப்படும். பாலூட்டும் தாய்க்கு லிக்னோகெயின் ஊசி போட்டால் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், அமாக்சிசிலின் மூன்றும் பொருந்தும். மெட்ரோனிடசோல் பாலுக்குச் சற்றுக் கசப்புத் தரலாம், டிரமடாலும் கோடீனும் வேண்டாம். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தடுப்பூசி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை அதற்கான நாள். மீதமிருக்கும் வேர் சிகிச்சைக்கு அந்தப் புதன்கிழமை மதியத்தையே குறித்துக்கொடுத்தால், வீட்டிலிருந்து எப்படியும் கிளம்ப வேண்டிய நாள் என்பதால் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள்.